கல்லில் ஒலிக்கும் குரல்

நடுகல் நாட்டி, அதில் வீரனின் பெயரையும் பெருமையையும் பொறித்துப் போற்றியது தமிழர் மரபு. தொல்காப்பியம் அதற்குத் துறைகளே வகுத்தது. சங்கப் புலவர் கையறுநிலை பாடினர். ஆயினும், பிற்காலக் கல்லறை எழுத்துகளை இலக்கியமாகக் கொண்டு ஆராயும் வழக்கம் நம்மிடையே அருகியே உள்ளது. கடல் கடந்து வந்து தமிழ் மண்ணிலேயே மறைந்த சமயத் தொண்டர் ஒருவருக்கு அமைந்த இரு நினைவெழுத்துகளை இங்கு ஒப்புநோக்குவோம்.

பிரஷ்ய நாட்டிற் பிறந்த சுவார்ட்சு ஐயர் 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். திருச்சியிலும் தஞ்சையிலும் தொண்டாற்றி, தாயகம் திரும்பாமலே 1798 பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில் உயிர் நீத்தார்.

முதல் எழுத்து, கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னைக் கோட்டையின் தூய மரியாள் ஆலயத்தில் 1807இல் நிறுவிய நினைவுச் சின்னத்தில் உள்ளது. நீண்ட ஆங்கில உரைநடை அது. ஐயரின் அறப்பணிகளையும், பல சமயத்தாரும் அவர்பால் கொண்ட நம்பிக்கையையும் விரித்துரைக்கிறது. கும்பினியோடு கடும்போர் நடத்திய ஐதர் அலியே இப்பெரியவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு கட்டளையிட்டதையும் குறிப்பிடுகிறது. ஐதர் நம் தங்கவயலுக்கு அண்மையிலுள்ள பூதிக்கோட்டையிற் பிறந்தவர் என்பதை எண்ணுங்கால், அக்கல் நமக்கு மேலும் நெருக்கமாகிறது. பகைவனின் வாக்கையே புகழுக்குச் சான்றாக்கியது இவ்வுரையின் திறம். ஆனால் இறுதியில், ஐயரின் செல்வாக்கால் விளைந்த பொதுநன்மைக்கு நன்றி கூறுமிடத்தில், கணக்கு முடிக்கும் வணிகரின் குரல் வெளிப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது, தஞ்சைத் தூய பேதுரு ஆலயத்தில் அவருடைய கல்லறைக் கல்லில் உள்ளது. சரபோசி மன்னர் ஆங்கிலத்தில் இயற்றிய சிறு பாடல். அதில் குறை காண்பது எளிது. இயைபுக்காக இழுத்து வந்த சொற்கள் உண்டு. அடைமொழிகள் பட்டியல்போல் அடுக்கி வருகின்றன. ஆயினும் பாடலின் முடிவைப் பாருங்கள். அரசர்க்கும் மக்கட்கும் நலமாய் அமைந்தவர் என விரிந்த புகழ், மன்னர் தம் ஒருவரிடமே வந்து குவிகிறது. உடனே ஐயரைத் தந்தையென விளித்து, அவருக்கு ஏற்றவராகத் தாம் விளங்கவேண்டும் என வேண்டி, பட்டங்கள் ஏதுமின்றித் தம் பெயரை மட்டும் இட்டு முடிக்கிறார். தம் சமயத்தைவிட்டு மாறாத மன்னர், இளமையில் தம்மைக் காத்த அயல்நாட்டவரைத் தந்தையென அழைக்கிறார். முன்னது இறந்தவரைப் பற்றிப் பேசுகிறது. பின்னது இறந்தவரோடு பேசுகிறது. கையறுநிலையின் உயிர் இப்பின்னதில்தான் உள்ளது.

இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இரண்டுமே ஆங்கிலம். ஐயர் தமிழிற் பேசி வளர்த்த ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அக்கற்கள் ஊமைக் கற்களே.

தங்கவயல் தமிழராகிய நமக்கு இது பிறர் செய்தியன்று. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்கப் பணிக்கு வந்த நம் முன்னோருள், பெயர் பொறித்த கல் பெற்றவர் எத்தனை பேர்? 2001இல் சுரங்கங்களும் மூடப்பட்டன. நமக்குச் சலவைக்கல் வேண்டா. அவர்கள் பிறந்த ஊர், பணியாற்றிய சுரங்கம், மறைந்த நாள் ஆகியவற்றை இல்லந்தோறும் ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதிவைப்போம். புகழ்மொழிகளை அடுக்க வேண்டியதில்லை. பிள்ளையின் குரல் அதில் இருந்தாற் போதும்.