ஓட்டை போட்ட அட்டை
ஆரணியில் பட்டுச்சேலையை மெச்சுகிறவர்கள் தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியை அண்ணாந்து பார்ப்பதில்லை. எனக்கு அதில் தொங்கும் அட்டைச் சரத்தின் மேல்தான் கண். ஓட்டை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. பள்ளியில் மிரட்டிய அணிக்கணக்கு இங்கே நூலில் கோத்து ஆடுகிறது! ஓர் அட்டை ஒரு நிரை, ஒவ்வொரு கொக்கியும் ஒரு நிரல். மிதித்ததும் 'டக்'கென்று ஓட்டைக்கு நேரான கொக்கிகள் மட்டும் பாவிழையைத் தூக்கும்; நாடா சறுக்கி ஓடும்; ஜரிகை ஒரு வரி ஏறும்.

கட்டத்தாளைப் பார்த்து அட்டை குத்துபவரின் பொறுமை தனி. ஒரு குத்து தவறினால் சேலையில் நெய்யும் அன்னத்தின் கழுத்தில் வடு, அதுவும் ஒவ்வொரு சுற்றிலும். நிரல்களை இடம்வலமாக மாற்றினால் அன்னம் எதிர்ப்பக்கம் திரும்பும். அட்டைகளைப் பின்னோக்கி ஓட்டினால் தலைகீழாகும். நேருக்கு நேர் நிற்கும் ஜோடி அன்னத்துக்கு ஒரே அன்னத்தை வரைந்தால் போதும்.