டி.சி.சி.: பாணிகளும் பாடாந்தரமும்

வெள்ளி விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். காபி ஆறுவதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டேன். என்ன எழுதுவது என்பதையும் அவரே சொன்னார்: "டிஜிட்டல் கட்டுப்பாட்டில் எத்தனை வழி உண்டோ அத்தனையையும் தொட்டுப் போங்கள் சார். யார் மனசும் நோகாமல் இருந்தால் நல்லது." முதலாவதை நிறைவேற்றுகிறேன். இரண்டாவதற்கு முயல்கிறேன்.

நம் ஸ்தாபகத் தலைவரின் மொட்டைமாடி அறையில், இரண்டு பிளைவுட் பலகைகள் மேல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கம் இது. அந்த அறையின் சித்திரை மாத வெக்கையில் உட்கார்ந்து வயர் பற்றவைத்தவர்களுக்கு டிகோடர் என்றால் என்ன, சி.வி. என்றால் என்ன என்று நான் சொல்லப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கும் மூத்த உறுப்பினரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சங்கம் இருப்பது அதற்காகத்தான்.

பூர்வ கதையையும் சுருக்கிவிடுகிறேன். 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆஸ்ட்ராக் ஐந்து எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டிக் காட்டியது. 1980-ஐ ஒட்டி ஹார்ன்பியின் ஜீரோ-1 அதைப் பதினாறாக்கியது. இரண்டும் நிலைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பிளாக்குக்கும் சுவிட்சைத் தட்டிக்கொண்டே எஞ்சின் பின்னால் ஓடியவர்களுக்கு, எஞ்சினோடு நேரே பேசலாம் என்ற ஆசையை மூட்டியவை அவைதான்.

மூன்று வீடுகள்

முதல் வீடு மெர்க்லின். 1985-ல் கடைக்கு வந்த அவர்களுடைய டிஜிட்டலில் 80 முகவரிகள். தண்டவாளத்தின் நடுவே புள்ளி புள்ளியாக நிற்கும் ஸ்டட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதால், திரும்பு வளையத்தில் ஷார்ட் ஆகுமே என்ற கவலை அவர்களுக்குக் கிடையாது. நம்மில் இந்த வீட்டுக்காரர்கள் மூன்றே பேர். ஆனால் அவர்கள் லேஅவுட் ஓடாத நாளை நான் பார்த்ததில்லை. 2004-ல் வந்த எம்.எஃப்.எக்ஸ். முறையில் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தால் போதும், அது தானே தன் பெயரைச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு வர வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, நம்மில் பெரும்பாலோர் பிறந்த வீடு. ஜெர்மனியின் கீசன் நகரத்து லென்ஸ் நிறுவனம் வகுத்த முறையை, 1935-லிருந்து இயங்கும் அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. அடிப்படையாக எடுத்துக்கொண்டு எஸ்-9.1, எஸ்-9.2 என்று விதியாக்கியது. டி.சி.சி. என்பது இதுதான். அந்த இரண்டு விதிகளையும் ஒரு தடவையாவது முழுக்கப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. படித்தால் ஒரு அழகு தெரியும். 'ஒன்று' என்ற பிட்டின் ஒரு பாதிக்கு 58 மைக்ரோ விநாடி. அனுப்புகிற கமாண்ட் ஸ்டேஷன் 55-லிருந்து 61-க்குள் நின்றாக வேண்டும். வாங்குகிற டிகோடரோ 52 முதல் 64 வரை எது வந்தாலும் ஏற்க வேண்டும். செய்திக்கு முன்னால் வரும் முன்னோட்டத்திலும் இதே நியாயம்தான்: அனுப்புகிறவர் 14 'ஒன்று'களுக்குக் குறையக் கூடாது, வாங்குகிறவர் 12-க்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கடைசி பைட்டில் கணக்கு உதைத்தால் டிகோடர் அந்தச் செய்தியையே விட்டுவிடும். தப்பாகப் புரிந்துகொண்டு ஓடுவதைவிட அடுத்த செய்திக்குக் காத்திருப்பது மேல் என்பது ஏற்பாடு.

"கொடுக்கிறவன் கறாரா இருக்கணும், வாங்குறவன் தாராளமா இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் வண்டி ஓடும்" என்பார் எங்கள் வாத்தியார். எஸ்-9.1-க்கு இதைவிடச் சுருக்கமான உரை எழுத முடியாது.

தண்டவாளத்தில் போகும் பேச்சை மட்டும் விதியாக்கிவிட்டு, த்ராட்டிலுக்கும் கமாண்ட் ஸ்டேஷனுக்கும் நடுவில் என்ன பேசிக்கொள்வது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். லென்ஸுக்கு எக்ஸ்பிரஸ்நெட், டிஜிட்ராக்ஸுக்கு லோக்கோநெட் என்று ஆளுக்கொரு வழியானது இதனால்தான். நம் சங்கத்தில் 2-ம் எண் மேசைக்கும் 4-ம் எண் மேசைக்கும் இடையே நடந்த பனிப்போரின் வேரும் இங்கேதான். இரு தரப்பினரும் இப்போது சேர்ந்து டிபன் சாப்பிடுவதால் அதை விரிக்கவில்லை.

மூன்றாவது வீட்டைக் காதுக்காரர்கள் வீடு என்பேன். வியன்னாவின் ஜிமோவும் உல்மின் ஈ.எஸ்.யு.வும் மோட்டாரையும் ஒலியையும் ஒரே சில்லுக்குள் குடிவைத்தார்கள். சுமை ஏறினால் ஓசை கனக்கும், பிரேக் பிடித்தால் கீச்சிடும். இது பெரிய வித்தை. பெரிய வித்தை கையில் கிடைத்தவர்கள் அதை எப்படி ஆளுகிறார்கள் என்பது வேறு கதை.

ஆர்டுயினோ பலகையில் டி.சி.சி.-ஈ.எக்ஸ். ஏற்றி, கணினியில் ஜே.எம்.ஆர்.ஐ. வைத்துத் தாங்களே எல்லாம் செய்துகொள்ளும் இளைஞர்களை வீடு என்பதைவிடச் சத்திரம் என்று சொல்லலாம். குறையாகச் சொல்லவில்லை. செலவு குறைந்த வழி, மூளை உள்ள வழி. நம் இணைச் செயலாளரும் அங்கேதான் தங்கியிருக்கிறார்.

வாத்தியார் வழி

பெயர் எழுதினால் கோபிப்பார், இன்று இல்லாவிட்டாலும். பெரம்பூரில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூத்தவர்களுக்கு இது போதும்.

அவர் மீட்டர்கேஜ்காரர். 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 வரும், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் உறுத்தாமல் உட்காரும். நம் பிராட்கேஜின் 1676-ஐ அதே 87-ஆல் வகுத்தால் 19.26. அதை 16.5-ல் ஓட்டுவது தகுமா என்ற பழைய வழக்குக்குள் நான் நுழைய மாட்டேன், துணைத்தலைவர் பிராட்கேஜ்காரர். வாத்தியாரின் மேசையில் ஒய்.பி., ஒய்.ஜி., ஒய்.டி.எம்.-4, ஜப்பானிலிருந்து வந்த ஒய்.ஏ.எம்.-1 எல்லாம் இருந்தன. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஏறிய தலைமுறை அவர். 2004-ல் அந்தப் புறநகர் வண்டிகள் நின்றன. இப்போது தமிழ்நாட்டில் மீட்டர்கேஜ் என்றால் நீலகிரி ஒன்றுதான்.

டிகோடர் வைப்பதற்கு முன் எஞ்சின் வெறும் டி.சி.யில் ஊர்ந்து காட்ட வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம். ஒரு ஸ்லீப்பர் கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் போவதைக் கண்ணால் எண்ண முடிய வேண்டும். "மோட்டார்ல இருக்கிற நோயை டிகோடர் குணப்படுத்தாதுப்பா, மறைச்சு வைக்கும்" என்பார். அடுத்தது மின்காப்பு. மோட்டாரின் இரண்டு பிரஷ்ஷும் உடம்பைத் தொடாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் நான் ஒரு பழைய சேசிஸில் டிகோடரை மாட்டினேன். மாட்டிய மூன்றாவது விநாடியே புகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்தார். "ஆல்கோ புகைக்கும்ப்பா. ஆனா இப்படி நாறாது." இன்றும் மீட்டர் இல்லாமல் நான் எந்த எஞ்சினையும் திறப்பதில்லை.

புரோகிராமிங் ட்ராக்கில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். சி.வி.யைப் படிக்கச் சொன்னால் டிகோடர் மோட்டாரைக் கண நேரம் இயக்கிப் பதில் தரும், 6 மில்லி விநாடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர். எஞ்சின் லேசாகத் துள்ளும். "கேட்டா தலையாட்டுது பாரு, உங்களுக்கெல்லாம் இந்த மரியாதை எங்கே" என்பார். அதன்பின் சி.வி. 2, 5, 6. திருப்தி வராவிட்டால் 67-லிருந்து 94 வரை 28 படிகளையும் ஒவ்வொன்றாக எழுதுவார், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு. அவருடைய சரக்கு எஞ்சின் கிளம்புவதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம்.

ரூபாய்க் காசு சோதனையும் அவர் கொண்டுவந்ததுதான். லேஅவுட்டின் கடைக்கோடியில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே காசை வைப்பார். பூஸ்டர் உடனே கட் ஆக வேண்டும். ஆகாவிட்டால் வயரிங் மெலிவு, எங்கோ ஒரு ஜாயினரை நம்பியிருக்கிறோம் என்று அர்த்தம். நம் ஊர்க் கடற்காற்றில் ஜாயினரை நம்புகிறவர் எதையும் நம்புவார். ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் தனி ஃபீடர் என்ற நம் சங்க விதி அந்த ஒரு ரூபாயிலிருந்து பிறந்தது.

நுணுக்க வேலையில் அவருக்கு இருந்த கண்ணுக்கு ஓர் உதாரணம் போதும். டபிள்யூ.டி.எம்.-2-வின் ட்ரைமவுண்ட் போகியில் மூன்று அச்சுகளுக்கும் இடைவெளி சமமாக இருக்காது. யாரோ ஒருவர் சமமான இடைவெளி கொண்ட ஆயத்த போகியை மாட்டி, பெயின்ட், ஷெட் எழுத்து, கண்ணாடித் துடைப்பான் வரை இழைத்துக் கொண்டுவந்தார். வாத்தியார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "முகம் நம்ம ஆளு. கால் யாரோடது?" என்று மட்டும் கேட்டார். கொண்டுவந்தவர் நான்தான்.

அவருடைய சிகரம் நீலகிரியின் எக்ஸ் வகுப்பு. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் உருவான எஞ்சின், பிற்பாடு நம் பொன்மலைப் பணிமனையும் புதிதாகக் கட்டியது. நான்கு சிலிண்டர், பக்கத்துக்கு இரண்டு. கல்லாறு வரை ஒரு ஜோடி மட்டும் சக்கரத்தை ஓட்டும். கல்லாறு தாண்டிப் பற்சக்கரப் பாதையில், 12-க்கு 1 ஏற்றத்தில், முதல் ஜோடி விட்ட நீராவியை வாங்கிக்கொண்டு இரண்டாவது ஜோடி பல்சக்கரத்தைத் திருப்பும். அப்போது புகைபோக்கி வழியாக வரும் மூச்சின் தாளமே வேறு. கடையில் வாங்கும் நீராவி ஒலி எதிலும் இந்த மாற்றம் கிடையாது. வாத்தியார் குன்னூர்ப் பாதையில் நாலு முறை போய் ஒலிப்பதிவு செய்துவந்து, அந்தத் தாள மாற்றத்தை ஒரு ஃபங்ஷன் பட்டனில் வைத்தார். எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும். கல்லாறு வந்ததும் பட்டன். அந்த ஒரு நொடிக்காக எட்டு மாதம். பாடாந்தரம் என்று நான் சொல்வது இதைத்தான்: எந்தக் கமாண்ட் ஸ்டேஷன் ஆனாலும் சரி, அந்த எஞ்சினின் குணம் அந்த எஞ்சினில் இருக்க வேண்டும்.

மூன்றாம் எண்

இனி எழுதுவது யாரையும் குறித்தல்ல. இன்றைய உறுப்பினர்களில் நன்றாகச் செய்பவர்கள் பலர். அவர்களில் சிலர் மலர்க் குழுவிலேயே இருக்கிறார்கள்.

டிகோடர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் முகவரி 3. எல்லா டிகோடருக்கும் 3. மெர்க்லினின் எம்.எஃப்.எக்ஸ். எஞ்சின் தானே தன் பெயரைச் சொல்லும் என்றேனே, நம் எஞ்சினுக்கு நாம்தான் எண் கொடுக்க வேண்டும். அதை மாற்றுவதற்கு அரை நிமிடம் ஆகும். எஞ்சினின் கடைசி நான்கு இலக்கத்தைக் கொடு என்பது நம் மரபு. கடந்த ஓட்ட நாளில் ஒருவர் த்ராட்டிலைத் திருப்பினார். ஐந்து எஞ்சின்கள் ஒரே நேரத்தில் கிளம்பின. ஐந்தும் 3. அவற்றில் ஒன்று, தலைவர் நாற்பது வருஷமாகக் காப்பாற்றி வைத்திருக்கும் பித்தளை ஒய்.பி.யைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே மேசை விளிம்புக்குப் போனது. இணைச் செயலாளர் பாய்ந்து பிடித்தார். தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை நான் மறக்கவில்லை.

முகவரியோடு நின்றால் பரவாயில்லை. ஈரோடு ஷெட் எழுத்துப் போட்ட டீசல், அமெரிக்க மணியை அடித்துக்கொண்டு வருகிறது. முதல் பட்டனில் தொழிற்சாலை மணி வைத்ததால் மணி. நம் டீசலில் எந்தக் காலத்தில் மணி இருந்தது? பார்வைக்கு ஈரோடு, காதுக்குச் சிகாகோ. வேகம் கூட்டக் கூட்ட முகப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. 14 படியா 28 படியா என்று சி.வி. 29-ல் பார்க்காமல் பல்பை மாற்றுகிறார்கள். பல்ப் என்ன செய்யும்?

இது எண் விஷயம் மட்டும் இல்லை. வாங்கிய புத்தகத்தில் பெயர் எழுதாத தலைமுறை இது. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் முகவரிக்குப் பதில் ஒரு கறுப்புக் கட்டத்தை அச்சடிக்கிறார்கள். டிகாக்ஷன் பாக்கெட்டில் வருகிறது. தம்பூராவுக்குப் பதில் பெட்டி. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பெயர் கேட்டால் 3 என்று சொல்லுவோமா? தன் எஞ்சினுக்கு ஓர் எண் கொடுக்க அரை நிமிடம் இல்லாத ஊரில் மீட்டர்கேஜ் எப்படி மிஞ்சும்? செயலாளர் இந்தப் பத்தியைக் குறைக்கச் சொன்னார். இது குறைத்த பிறகு உள்ளது.

அதனால் ஒரு வேண்டுகோள். விதியல்ல, விதி போடப் பொதுக்குழு இருக்கிறது. ஓட்ட நாளன்று காலை எட்டு மணியிலிருந்து புரோகிராமிங் ட்ராக் பக்கத்தில் வாத்தியாருடைய ஸ்டூலில் நான் உட்கார்ந்திருப்பேன். எஞ்சினைக் கொண்டுவாருங்கள். எண் கொடுப்போம், மணியை எடுப்போம், முடிந்தால் போகியையும் பார்ப்போம். நான் 58-லேயே நிற்கப் பழகியவன், அதை மாற்றிக்கொள்ள வயதில்லை. ஆனால் 52-லிருந்து 64 வரை யார் வந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று இந்த மலரில் எழுத்தில் தருகிறேன். 65-உடன் வருபவரை என்ன செய்வது என்று வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளாமல் போய்விட்டேன். அவர்களும் வரட்டும். காபி இருக்கும்.