‘நாம்’ என்னும் ஒரு சொல்

இரட்டைப் புலவர் வரலாற்றை நம்மில் பலர் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். முன்னவர் தோளில் சுமக்க, பின்னவர் வழிகாட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பர். 15ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த இவர்களை, குறை இருந்தும் சாதித்தவர்கள் என்று போற்றுவது வழக்கம். அப்பாராட்டு நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் அது அவர்களுடைய கவிதையைச் சரியாகப் படித்துப் பிறந்ததன்று என்பது நம் கருத்து.

அவர்கள் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றைக் காண்போம். மதுரைப் பொற்றாமரைக் குளத்தில், பார்வையற்றவர் துவைத்துக்கொண்டிருந்த ஆடை கைநழுவிப் போகிறது. உடனே பாடல் பிறக்கிறது. ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்கிறார். ‘தப்புதல்’ என்ற சொல் துவைப்பதையும் நழுவிப் போவதையும் ஒருங்கே சுட்டுகிறது. ஆடையைக் குறிக்கும் ‘கலிங்கம்’, சொக்கலிங்கப் பெருமானின் பெயரோடு ஒலியில் இணைந்து நம்பிக்கையாக மலர்கிறது.

இச்சிலேடைகளை வியப்போர் பலர். நாம் வியப்பது அதிலுள்ள ‘நாம்’ என்ற சிறு சொல்லை. துவைத்தவர் ஒருவரே, எனினும் பாடல் அச்செயலை இருவருக்கும் உரியதாக்குகிறது. கண் தெரியாததால் வந்த இழப்பு என்ற குறிப்பு அதில் இல்லை. இரக்கமும் இல்லை, இருப்பது நகைச்சுவையும் தோழமையுமே.

கண்ணும் காலும் கூடி ஒரு முழு மனிதர் ஆயினர் என்று கணக்கிடுவதும் பிழையே. இருவரும் தனித்தனியே முழுப் புலவர்கள். ஒருவர் எடுத்த வெண்பாவை மற்றவர் தளை தட்டாமல் முடிப்பதற்குக் கூர்ந்து கேட்கும் செவி வேண்டும். நாள்தோறும் ஒருவரையொருவர் நம்பி நடந்த வாழ்வே அச்செவியைக் கூர்மையாக்கியிருக்கும். பல்வகைப் பாக்கள் கலந்து அமையும் கலம்பகத்தில் அவர்கள் சிறந்தது பொருத்தமே. தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் இதற்குச் சான்று.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று உரிமைகளை வகுத்துள்ளது. அது தேவையே. ஆனால் ‘நாம்’ என்று சொல்லும் மனத்தை எச்சட்டமும் தந்துவிடாது. நம் இல்லத்தில் ஓர் ஆடை கைநழுவும்போது நம் வாயில் முதலில் வருவது ‘உன்னால்’ என்பதா, ‘நாம்’ என்பதா?