ராடு, தண்டு, பொத்தான்: கியர் பிடிக்கும் மூன்று மரபுகள்

கியர்பெட்டிக்குள் பல்சக்கரங்கள் எப்படி அமைந்திருந்தாலும் ஓட்டுநருக்குத் தெரிவது அதன் வெளிமுனை ஒன்றுதான். தரையிலிருந்து எழும் நீண்ட ராடு, ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய கைப்பிடி, டாஷ்போர்டில் வரிசையாகப் பதித்த பொத்தான்கள் என அந்த வெளிமுனை மூன்று வடிவங்களில் வந்தது. சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்து லாரித் தொழில் ராடு மரபில் வளர்ந்தது. பொத்தான் மரபு அமெரிக்கக் கார்களில் 1956 மாடல் முதல் 1964 மாடல் வரை வாழ்ந்தது. கண் சாலையில் இருக்கும்போதே வண்டி எந்தக் கியரில் இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறதா என்பதுதான் இந்த மரபுகளை எடைபோடுவதற்குச் சரியான அளவுகோல்.

ராடு மரபின் மூத்த பள்ளி, பற்களின் வேகத்தைத் தானே சமமாக்கும் சிங்க்ரோமெஷ் இல்லாத கியர்பெட்டியில் பயின்றவர்களுடையது. அசோக் மோட்டார்ஸ் 1948-இல் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து வந்த காமெட் லாரி தமிழகச் சாலைகளை நெடுங்காலம் ஆண்டது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கிரைஸ்லரிடம் உரிமம் பெற்று டாட்ஜ், பார்கோ லாரிகளைத் தயாரித்தது. முன்முகத்தில் இருந்த பெயர்தான் வேறு. உள்ளே இரண்டும் ஒரே லாரி. அவற்றில் பலவற்றுக்குப் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் உயிர் கொடுத்தது. காரில் பொத்தானைப் புகுத்திப் பெயர் வாங்கிய அதே கிரைஸ்லரின் வழிவந்த லாரிகளை இங்கே ஓட்டியவர்கள், முழங்கால் பக்கத்தில் ஆடி நிற்கும் இரும்பு ராடைப் பிடித்தே காலம் கழித்தார்கள்.

அந்தக் கியர்பெட்டியில் கியர் விழ வேண்டுமானால் டபுள் கிளட்ச் தெரிந்திருக்க வேண்டும். மேல் கியரிலிருந்து கீழ் கியருக்கு இறங்கும்போது முதலில் கிளட்சை மிதித்து ராடை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரில் ஒரு ரேஸ் கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியருக்குள் ராடைத் தள்ள வேண்டும். நடுவில் கொடுக்கும் ரேஸுக்குக் காரணம் உண்டு. சேர வேண்டிய இரண்டு பாகங்களில் ஒன்றை எஞ்சின் சுழற்றுகிறது, மற்றதைப் பின்சக்கரங்கள் சுழற்றுகின்றன. இரண்டின் வேகமும் ஒன்றாகாமல் பற்கள் கோத்துக்கொள்ளாது. நியூட்ரலில் கிளட்சை விட்டு ரேஸ் கொடுத்தால் எஞ்சின் பக்கத்துத் தண்டு வேகமெடுத்து மற்றதோடு சமமாகிறது. மேல் கியருக்கு ஏறும்போது ரேஸ் தேவையில்லை. தண்டின் வேகம் குறையும் வரை கை சற்றுப் பொறுக்க வேண்டும், அவ்வளவே. எவ்வளவு ரேஸ், எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை எந்த மீட்டரும் காட்டவில்லை. காது கேட்டுச் சொன்னது, உள்ளங்கை ராடின் நடுக்கத்தை உணர்ந்து சொன்னது. கிளீனராக வந்து பக்கத்தில் உட்கார்ந்த பையன் வண்டியைத் தொடுவதற்கு முன்பே கேட்டுக் கேட்டுப் படித்த பாடம் இது. பல் கரகரக்காமல் கியர் போடுபவரே தொழில் தெரிந்தவர் என்பது அந்தப் பள்ளியின் தரநிலை. பட்டறையில் பல் உடைந்த கியர்பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் தரநிலையின் நியாயம் உடனே விளங்கும்.

சிங்க்ரோமெஷ் அமெரிக்காவில் 1928-இல் காடிலாக் கார்களோடு வந்தது. பற்கள் கோப்பதற்கு முன் கூம்பு வடிவ வளையங்கள் உரசி இரு பக்க வேகத்தையும் சமமாக்கிவிடும். இந்திய லாரிகளை இது வந்தடையப் பல்லாண்டுகள் ஆயின. டாடாவின் டெல்கோ நிறுவனம் 1954-இல் டெய்ம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து லாரி தயாரிக்கத் தொடங்கி 1969-க்குப் பின் டாடா பெயரிலேயே விற்றது. பிற்கால டாடா லாரிகளிலும், ஜெர்மனியின் இசட்.எஃப் உரிமம் பெற்ற கியர்பெட்டிகளைப் பொருத்திய லேலண்டுகளிலும் சிங்க்ரோமெஷ் பழகிப்போனது. டபுள் கிளட்ச் கட்டாயம் என்ற நிலை போனதும் தொழிலுக்குள் வரும் வாசல் அகலமானது. ஆனாலும் மூத்தவர்கள் பழக்கத்தை விடவில்லை. பாரம் ஏறிய வண்டியில் அந்தப் பழக்கம் சிங்க்ரோ வளையங்களின் ஆயுளைக் கூட்டும் என்பதால் அதை வெறும் பழமைப் பிடிப்பு என்று ஒதுக்க முடியாது.

இந்த வட்டாரத்தில் தேர்ச்சியை வகைபிரித்தது வண்டியின் பெயர் மட்டுமல்ல, ஏற்றிய லோடும் ஏறி இறங்கிய சாலையும்தான். நாமக்கல் முட்டை லோடு ஏற்றிய வண்டியில் கிளட்சைப் பட்டென்று விட்டால் அட்டைகளின் அடி வரிசை தாங்காது. அங்கே கியர் மாறியதே தெரியக் கூடாது. நாமக்கல்லுக்குப் பெயர் வாங்கித் தந்த எரிவாயு டேங்கர்களில் சிக்கல் வேறு. திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் டேங்கை முழுதும் நிரப்புவதில்லை. உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தும், கியர் மாற்றும் இடைவெளியில் வேகம் சற்றே விழுந்தால் திரவம் முன்னோக்கி ஓடி வண்டியைத் தள்ளும், அடுத்து பின்னோக்கி இழுக்கும். அந்த அலை அடங்கும் கணம் பார்த்துக் கியரைப் பூட்டுபவரே டேங்கர் ஓட்டத் தகுதியானவர். டிப்பர் ஓட்டுநருக்குக் கியர்பெட்டியோடு பிடிஓ என்ற இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. எஞ்சின் விசையை ஹைட்ராலிக் பம்புக்குத் திருப்பிப் பெட்டியைத் தூக்குவது அதுதான்.

சாலைகளில் தேர்வுக்களம் என்று சொல்லத்தக்கது தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாய். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏற்காட்டின் 20 வளைவுகளும் கடினமானவையே. ஆனால் அங்கே வளைவுகளே வேகத்தைக் கட்டிவிடுகின்றன. தொப்பூரின் அகலமான நீண்ட இறக்கம் ஓட்டுநரை ஏமாற்றுகிறது. டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் விட்டு இறக்குவது அங்கே எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. நியூட்ரலில் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உறவு அறுகிறது. எஞ்சின் பிரேக் கிடைக்காது, எக்ஸாஸ்ட் பிரேக்கும் பயன்படாது. மொத்தப் பாரத்தையும் பிரேக் லைனிங்குகளே தாங்கிச் சூடேறி, பிடிமானத்தை இழக்கின்றன. எஞ்சினையும் அணைத்துவிட்டால் காற்று கம்ப்ரசர் நின்று, ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் காற்று குறைகிறது, பவர் ஸ்டியரிங்கும் இறுகுகிறது. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்ற பழைய விதியை மூத்த பள்ளி உயிர்நாடியாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். சிங்க்ரோமெஷ் இல்லாத வண்டி பாதி இறக்கத்தில் நியூட்ரலுக்கு வந்துவிட்டால் மறுபடி கியருக்குள் போவது ஏறக்குறைய முடியாத காரியம்.

ராடு எங்கே நிற்கும் என்பதை ஆலை முடிவு செய்தது; ஓட்டுநர் எங்கே உட்காருவார் என்பதை நாமக்கல் பாடி பட்டறை முடிவு செய்தது. எஞ்சினும் முன்முகமும் மட்டும் உள்ள சேஸிஸைத் தற்காலிக இருக்கையில் உட்கார்ந்து, வெயிலிலும் காற்றிலும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். மரமும் தகடும் கொண்டு கேபின் எழுப்புவது பட்டறையின் வேலை. இருக்கையின் உயரத்தையும் ராடு வெளிவரும் துளையின் அளவையும் மேஸ்திரி கண்ணால் அளந்து வைத்தார். இருக்கை தாழ்ந்தால் டாப் கியருக்கு ஓட்டுநர் தோளைத் தூக்க வேண்டியிருக்கும், பின்னால் தள்ளி அமைந்தால் முதல் கியருக்குக் குனிய வேண்டியிருக்கும். நல்ல பட்டறை என்று பெயர் வாங்கிய இடங்களில் உட்கார வைத்துப் பார்த்த பிறகே இருக்கையைப் பூட்டினார்கள். லாரி கேபினுக்கும் பாடிக்கும் ஏ.ஐ.எஸ்.-093 விதித்தொகுப்பு வந்த பிறகு இந்தக் கண்ணளவு எழுத்தில் வகுத்த அளவாக மாறியது. ஆலையிலேயே கேபினோடு வரும் லாரிகளும் பெருகின.

ஸ்டியரிங் தண்டில் கியர் வைத்த மரபைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் அதுதான் இருந்தது. முன்பக்கத்தில் நீள இருக்கை போட்டு மூன்று பேர் உட்கார இடம் கிடைத்தது அதன் பெரிய நன்மை. கைப்பிடிக்கும் கியர்பெட்டிக்கும் இடையிலுள்ள இணைப்புக் கம்பிகள் தேயத் தேயக் கியர் எங்கே விழும் என்று தெரியாமல் போனது அதன் பெரிய குறை.

அமெரிக்காவிலும் தானியங்கிக் கியருக்குத் தண்டுக் கைப்பிடியே முதலில் வழக்கில் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்தபோது கிளட்ச் மிதி மறைந்தது. கிளட்ச் மிதியே இல்லாத காருக்குக் கைப்பிடி மட்டும் எதற்கு என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் பொத்தான். கிரைஸ்லர் 1956 மாடல் கார்களில் பவர்ஃபிளைட் என்ற இரண்டு வேகக் கியர்பெட்டிக்குப் பொத்தான்களைக் கொடுத்தது. மூன்று வேக டார்க்ஃபிளைட் 1957 மாடல்களில் பரவலானது. பிளிமத், டாட்ஜ், டிசோட்டோ, கிரைஸ்லர், இம்பீரியல் என அந்த நிறுவனத்தின் எல்லாப் பெயர்களிலும் டாஷ்போர்டின் இடது ஓரத்தில் பொத்தான்கள் அமர்ந்தன.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. அந்த எளிமையே அதன் பெருமை. மின்சாரம் எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு கேபிள் நகர்ந்து, கியர்பெட்டியில் உள்ள வால்வை இடம் மாற்றும். வால்வு எண்ணெய் அழுத்தத்தைத் தேவையான பேண்டுக்கோ கிளட்சுக்கோ திருப்பிவிடும். நியூட்ரலில் மட்டுமே எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். முன்னோக்கி ஓடும்போது தவறிப்போய் ரிவர்ஸை அழுத்தினாலும், வேகம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் கியர்பெட்டி நியூட்ரலுக்குத்தான் போகும். அந்தக் காலத்து டார்க்ஃபிளைட்டில் பின்பக்கமும் ஓர் எண்ணெய் பம்ப் இருந்ததால், பேட்டரி இறங்கிய காரைத் தள்ளியே ஸ்டார்ட் செய்யலாம். பார்க் என்ற நிலை தொடக்கத்தில் கிடையாது. புரொப்பெல்லர் தண்டைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கே வண்டியை நிறுத்தி வைத்தது. பிற்கால மாடல்களில் பொத்தான்களுக்குப் பக்கத்திலேயே பார்க்குக்காகத் தனியே ஒரு சிறு லீவர் சேர்ந்தது. கேபிள் வழி வந்த இந்தப் பொத்தான்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை. இன்றும் பழைய கார் சேகரிப்பாளர்கள் அவற்றை ஓட்டுகிறார்கள்.

போட்டியாளர்கள் வெவ்வேறு வழியில் போனார்கள். மெர்க்குரி 1957-இலும் ராம்ப்ளர் 1958-இலும் பொத்தான்களைத் தந்தன. பக்கார்டு 1956-இல் பொத்தானுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே மின் மோட்டாரை வைத்தது. ஃபோர்டு நிறுவனத்தின் எட்செல் 1958-இல் டெலிடச் என்ற பெயரில் ஐந்து பொத்தான்களை ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலேயே பதித்தது. சக்கரம் திரும்பினாலும் பொத்தான்கள் திரும்பாமல் நேராக நிற்க அதற்குள் தனியே பல்சக்கரங்கள் வேண்டியிருந்தன. அசலான பொறியியல் துணிச்சல் அது. ஆனால் ஹாரன் இருந்து பழகிய இடத்தில் கியர் வந்து உட்கார்ந்தது. கேபிள் செய்த வேலையை மோட்டாரும் சுவிட்சும் செய்ததால் கோளாறும் கூடியது. அடுத்த ஆண்டு மாடலிலேயே டெலிடச் கைவிடப்பட்டது.

பொத்தானின் குறையை மின்கோளாறில் மட்டும் தேடக் கூடாது. எல்லாப் பொத்தானும் விரலுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அவற்றை அடுக்கியது. ராடு நிற்கும் சாய்விலேயே கியரை அறிந்த ஓட்டுநருக்குக் கிடைத்த உறுதி, பொத்தானை அழுத்திய விரலுக்குக் கிடைக்கவில்லை. தண்டுக் கைப்பிடியிலும் ஒழுங்கு இருந்ததில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய வரிசையில் லோ கியருக்கு அடுத்த நிலையே ரிவர்ஸ். இறக்கத்தில் லோவுக்கு இழுத்த கை ஒரு படி தாண்டினால் ஆபத்து.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது அரசின் கொள்முதல். அரசு வாங்கும் கார்களுக்குப் பாதுகாப்புத் தரநிலை வகுக்கும் பொறுப்பை 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பொதுச் சேவை நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. அது வகுத்த தரநிலைகளில் கியர் வரிசையும் ஒன்று: பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், லோ. பொத்தானை எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. கிரைஸ்லர் 1965 மாடலிலேயே லீவருக்குத் திரும்பிவிட்டது. பின்னர் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டரசின் 102-ஆம் எண் பாதுகாப்புத் தரநிலை, ரிவர்ஸுக்கும் முன்னோக்கிய கியருக்கும் இடையே நியூட்ரல் இருக்க வேண்டும் என்றும், ஓடும் கியரில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாது என்றும், குறைந்த வேகத்தில் எஞ்சின் பிரேக் தரும் கியர் ஒன்றாவது வேண்டும் என்றும் எல்லாக் கார்களுக்கும் விதித்தது. கடைசி நிபந்தனையைத் தொப்பூர் இறக்கம் அறிந்த எவரும் மனமார ஏற்பார்கள்.

இந்தியச் சாலைக்குப் பொத்தான் கியர் பேருந்து வழியாக வந்தது. பெங்களூரில் 2006-இல் ஓடத் தொடங்கிய வால்வோ நகரப் பேருந்துகளில் ஓட்டுநரின் கைக்கருகே டி, என், ஆர் பொத்தான்கள் இருந்தன. ஹூண்டாய் 2019-இல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த கோனா மின்சாரக் காரிலும் பொத்தான்களே கியர். இவற்றில் பொத்தான் கணினிக்குச் சைகை மட்டும் அனுப்புகிறது. தவறான கட்டளையைக் கணினி மறுத்துவிடும்.

லாரியில் மாற்றம் வேறு பாதையில் நடக்கிறது. கனரக வண்டிகளில் ஒன்பது வேகக் கியர்பெட்டி வந்தபோது ராடின் குமிழிலேயே ஹை-லோ ரேஞ்ச் மாற்றும் சுவிட்ச் சேர்ந்தது. ராடு கைக்கு, சுவிட்ச் விரலுக்கு எனக் காற்றழுத்தத்தின் துணையோடு இரு மரபும் ஒரே குமிழில் கலந்தன. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. லாரிகளில் கிளட்ச் மிதியே இல்லை; ரேஸின் அளவையும் பொறுக்கும் நேரத்தையும் கணினி கணக்கிட்டுக்கொள்கிறது. மூத்த பள்ளி காதால் செய்த அதே வேலையை அங்கே வேக உணரிகள் செய்கின்றன. ஆனால் அந்த உணரிகள் அறிவது வண்டியின் வேகத்தையும் சுமையையும் அது நிற்கும் சரிவையும்தான். அடுத்த வளைவுக்கு அப்பால் தொடங்கும் இறக்கம் அவற்றுக்குத் தெரியாது. ஆகவே மேனுவல் நிலைக்கு மாற்றி, இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைக்கும் பொறுப்பு ஏ.எம்.டி. லாரியிலும் ஓட்டுநரிடமே இருக்கிறது.