காடு காத்தது எவ்வளவு?

1765 ஜனவரி 3ஆம் தேதி ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா தலைமையில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களின் துணையோடு ஒரு படை அரியலூருக்குள் நுழைந்தது. இளவயதுப் பாளையக்காரர் தம் ஆட்களுடன் உடையார்பாளையத்துக்கு ஓடினார். 19ஆம் தேதி படை உடையார்பாளையத்தின் மேல் திரும்பியது. அதுவும் விழுந்தது. இரு தலைவர்களும் டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்குப் போய் ஒண்டிக்கொண்டார்கள். செஞ்சி, பீஜப்பூர், மராட்டியர், முகலாயர் என்று எத்தனையோ படைகள் வந்துபோன வழியில் நிலைத்து நின்ற பாளையங்கள், பதினாறே நாளில் சரிந்தன. வலிய அண்டையரசின் அருகே சிறிய அரசு கைக்கொள்ளும் தற்காப்பு எந்த அளவு பலம், எங்கே ஓட்டை என்று எடைபோட இவற்றைவிடப் பொருத்தமான ஊர்கள் நமக்குக் கிடைக்கா.

முதல் அரண் காடு. இன்று முந்திரித் தோப்பும் சுண்ணாம்புக்கல் சுரங்கமுமாக இருக்கும் இந்தப் பகுதி அன்று பெரும்படை எளிதில் புக முடியாத முட்காடு. குதிரைப்படையின் வேகம் அங்கே செல்லாது. பீரங்கி வண்டியை இழுக்கத் தடம் வெட்டியாக வேண்டும். இந்தக் காட்டின் மதிப்பை அறிய ஒரு செய்தி போதும். ஔரங்கசீப்பின் படைக்கு அஞ்சி 1688இல் காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் உற்சவ மூர்த்திகளை ஒளித்துக் காக்க இடம் தேடியபோது, உடையார்பாளையத்தைத்தான் தேர்ந்தார்கள். காஞ்சிப் பட்டணத்துக்கு இல்லாத பாதுகாப்பு ஒரு பாளையத்துக்கு இருந்தது.

ஆனால் அதே கதையின் பின்பாதியும் உண்டு. ஆபத்து நீங்கிய பிறகும் பாளையக்காரருக்கு மூர்த்திகளைத் திருப்பித் தர மனம் ஒப்பவில்லை. ஜீயர் வேண்ட, படைத்தலைவர் லாலா தோடர்மல் படையோடு வந்து 1710இல் மீட்டுப்போனார் என்று காஞ்சிக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. வருகிறவனுக்கு நேரமும் காரணமும் இருந்தால் காடும் வழிவிடும். பகைவனுக்கு ஆகும் செலவை அது ஏற்றுகிறது. அந்தச் செலவுக்கு அவன் துணிந்துவிட்டால் அதற்கு மேல் காட்டிடம் கேட்க ஒன்றுமில்லை.

இரண்டாவது அரண் கப்பம். இதைக் கோழைத்தனம் என்று எழுதுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. ஆண்டுதோறும் பேஷ்குஷ் கட்டிவிட்டு உள்விவகாரத்தில் யாரையும் நுழையவிடாமல் இருப்பது, அன்றைய கணக்கில் மலிவான பாதுகாப்பு. குறை வேறிடத்தில். கட்ட வேண்டியது எவ்வளவு என்பதை வாங்குகிறவனே முடிவு செய்கிறான். பணம் கட்டியவனிடம் பிறகு படையும் கேட்கிறான். மதுரையில் கிளர்ந்தெழுந்த யூசுப்கானை அடக்க 1764இல் நடந்த போரில் உதவவில்லை என்பதுதான் இந்த இரண்டு பாளையங்கள் மீதும் நவாப் சொன்ன குற்றம். உள்ளே இருந்த ஆசை வேறு: ஆற்காட்டிலிருந்து திருச்சி வரை இடையூறில்லாத ஒரே நிலப்பரப்பு அவருக்கு வேண்டியிருந்தது. வழியில் இருக்கும் சிறியவன் செய்த பெரிய தவறு, வழியில் இருப்பதுதான்.

மூன்றாவது வழியான நடுநிலையைப் பார்க்க ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போக வேண்டும். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு வடக்கே, அகழியும் கொத்தளங்களும் அடுக்கடுக்கான மதில்களுமாக இன்றும் நிற்கிறது. 1751இல், ஆற்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில், ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும், மறுபக்கம் முகமது அலியும் ஆங்கிலேயரும் வந்து இறங்கினார்கள். நடுவில் கோட்டைத் தலைவர். இரு தரப்பும் தூது அனுப்ப, அவர் யாருக்கும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாட்கள் கடந்தன. பொறுமையிழந்த ஆங்கிலப் படை பேட்டையைத் தாக்கித் தீ வைத்தது. கல்கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை. தலைவர் உடனே பிரெஞ்சுக்காரரை அழைத்தார். ஆங்கிலேயர் கலைந்து திருச்சி நோக்கி ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் ராபர்ட் கிளைவும் இருந்தார்.

சாமர்த்தியம்தான். மதில் வலுவாக இருந்ததால்தான் பேரம் பேச முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஓலைக்குடிசையில் இருந்துகொண்டு யாரும் நடுநிலை பேசிவிட முடியாது. ஆனால் கோட்டை தப்பியது, பேட்டை எரிந்தது. நெசவாளியும் வணிகனும் இருந்த இடம் பேட்டை. தலைவரின் மௌனத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். சிற்றரசுகளின் தந்திரத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஏனோ எழுதுவதில்லை.

இன்னொரு பெரியவனை அழைப்பது நான்காவது வழி. மைசூரின் ஹைதர் அலி 1780இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்தில் இறங்கியதும், நாடிழந்த இந்தப் பாளையக்காரர்களுக்கு அவர் துணை கிடைத்தது. அந்தத் துணை மைசூர்ப் படை இங்கே இருந்த வரைக்கும்தான். 1801இல் கர்நாடகம் கம்பெனிக்குப் போயிற்று. 1817இல் இரு தலைவர்களும் ஜமீன்தார் என்ற சன்னது (உரிமைப் பத்திரம்) பெற்றார்கள். படை போய், வரி வசூல் மிஞ்சியது.

பெரியவனின் துணை தேடும் இதே வழியில், தெற்கே புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கமே நின்றார், மாறவே இல்லை. அதனால் புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனி சமஸ்தானமாக நீடித்தது. பிழைப்பதுதான் அளவுகோல் என்றால் வென்றவர் அவரே. 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் அந்த நட்பின் தவணைகளில் ஒன்று. தமிழ் நாட்டார் கதைகள் அதை மன்னிக்கவில்லை.

நான்கு வழிகளிலும் இல்லாத ஒன்றைச் சிங்கப்பூர் செய்தது. 1965இல் தனியான அந்தத் தீவுக்கு அரணாக நிற்கக் காடும் இல்லை, மலையும் இல்லை. 1967இலேயே இளைஞர்களுக்குக் கட்டாயப் படைப்பயிற்சிச் சட்டம் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் முதல் வெளியுறவு அமைச்சராக உலகெங்கும் நட்புத் தேடினார். 1971இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு மட்டுமல்ல, உரசல் இருந்த மலேசியாவோடும் சேர்ந்தே ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டில் இடம்பெற்றது. குடிமக்களைக் கட்டாயப்படுத்தும் எந்த ஏற்பாட்டுக்கும் உள்ள குறை அதற்கும் உண்டு. ஆனாலும் அங்கே காப்பு என்பது ஒரு தலைவரின் கோட்டையோடு முடியவில்லை. பேட்டையும் அதற்குள் வந்தது. பக்கத்து வீட்டோடு பிணக்கு இருந்தும் ஒரே மேசையில் உட்கார முடிந்தது.

அரியலூருக்கும் உடையார்பாளையத்துக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஒரே காடு, ஒரே அண்டையரசு, ஒரே குற்றச்சாட்டு. இருந்தும் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனியே விழுந்தன. நவாபின் பீரங்கியைவிட இதுவே அவர்களைத் தோற்கடித்தது என்பது என் முடிவு.