சுராங்கனியும் கொழுந்துக் கூடையும்

இலங்கைத் தமிழர் 'பொப்' என்று எழுதும் துள்ளிசைப் பாட்டை இப்பகுதியில் ஆராய்வதா எனச் சில அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். ஆயினும், ஓர் இசை எழுந்து இருபதாண்டுக்குள் அடங்கியது ஏன் என்று நோக்குவது வீண்வேலை அன்று.

நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே'யும், ஏ. ஈ. மனோகரன் பரப்பிய 'சுராங்கனி'யும் எழுபதுகளில் கடல் கடந்து சென்றன. வென்றது குரலன்று, பேச்சு. மெல்லிசை என்றால் சினிமாப் பாட்டே என்றிருந்த காதுகளுக்கு, மாமி வீட்டுக் கேலியும் கள்ளுக்கடை வாசலும் பேச்சுத் தமிழிலேயே வந்து சேர்ந்தன. தாளமோ போர்த்துக்கீசியர் காலந்தொட்டு அத்தீவின் கடற்கரையில் ஊறிய பைலா. 'சுராங்கனி'யில் சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் கலந்து வரும். அக்கலப்பே அதன் உயிர் என்பேன்.

பின் வீழ்ந்தது ஏன்? சினிமா விழுங்கிற்று என்பர். அதில் உண்மை உண்டு. 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திற்காக இளையராஜா இசையில் அப்பாட்டை நம் மலேசியா வாசுதேவன் பாடினார். மனோகரனும் சென்னைக்குச் சென்று வில்லன் வேடங்களில் நடிக்கலானார். 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார். ஆனால் பெருங்காரணம் 1983. ஜூலைக் கலவரத்திற்குப் பின் இரு மொழியையும் விளையாட்டாகக் கலந்து பாட மேடை ஏது? பாட்டின் சுவை குன்றவில்லை. கேட்டிருந்த கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

எனக்கு ஒரு குறை உண்டு. 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தையும் அதன் லயங்களையும் அறிந்த கேமரன் மலை வாசகர்க்கு அது எளிதில் விளங்கும். இவ்விருவரின் புகழ்பெற்ற பாட்டுகளில் கள் உண்டு, மீன் உண்டு. அதே தீவின் மலைநாட்டுக் கொழுந்துக் கூடை இல்லை. 1948-இல் குடியுரிமை இழந்த தோட்டத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவாயிற்று. பாட்டு ஊரெல்லாம் முழங்கிய அதே எழுபதுகளில் தலைமன்னார்க் கப்பல் அவர்களை ஏற்றிச் சென்றுகொண்டிருந்தது. சிவப்பு அடையாள அட்டையோடு காலங்கழித்த நம் முதியோர்க்கு இவ்வேதனையை விளக்கவேண்டியதில்லை.

கேலிப் பாட்டு எல்லாத் துயரையும் சுமக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டுவதில்லை. ஆனால் மாமியைப் பாடியவர்கள் கங்காணியையும் ஒரு கை பார்த்திருக்கலாம். கேலிக்கு அவரினும் ஏற்றவர் உண்டோ!

இன்று இம்மலையிற் கொழுந்து பறிப்போரிற் பலர் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும். தானா ராத்தாப் பக்கத்துத் தமிழர் கல்யாணத்தில் வாத்தியக் குழுவினர் 'சுராங்கனி'யை எடுத்தால் பாட்டிமாரும் கைதட்டுகின்றனர். யார் பாட்டு அது என்று கேட்டுப் பார்த்தேன். "ஏதோ படத்துப் பாட்டு, தம்பி" என்றார் ஒருவர்.