ஆமைக்குக் காவல்: சென்னைக் கரையும் தென்னிலங்கைக் கரையும்

தை மாதம் தொடங்கிச் சித்திரை வரை தமிழகக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஏறக்குறைய அதே மாதங்களில் இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் தென்கரையிலும் முட்டையிடும் காலம் உச்சத்தில் இருக்கும். அங்கே பேராமையும் பங்குனி ஆமையும் அதிகம். அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை ஆகியவையும் அரிதாகக் கரையேறுகின்றன.

இரு நாட்டுச் சட்டமும் ஆமையின் பக்கம்தான் நிற்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கடலாமைகளை முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் இணையாக வைத்திருக்கிறது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் ஆமைகளைக் காக்கின்றன. ஆமையைக் கொன்றாலும் முட்டையை எடுத்தாலும் விற்றாலும் இரண்டு இடத்திலும் குற்றம். ஆனால், முட்டையைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் கரையில் செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றாக இல்லை. அந்த வேறுபாட்டை ஆராய்ந்தால் ஆமைக்கு எது நன்மை, எது நம் ஆசைக்காகச் செய்வது என்பது விளங்கும்.

முட்டை கேட்பது என்ன?

பங்குனி ஆமை பின்துடுப்புகளால் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டுகிறது. குழியின் வாய் குறுகலாகவும் அடி அகன்றும் இருக்கும். அதில் நூறு, நூற்றிருபது முட்டை இட்டு மணலால் மூடி, உடம்பால் தட்டிச் சமன் செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. அதன்பிறகு தாய்க்கும் முட்டைக்கும் தொடர்பில்லை. ஏழு வாரம் போல மணல் சூடுதான் அடைகாக்கிறது.

இட்ட சில மணி நேரத்தில் கரு முட்டையோட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பின் முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ கரு செத்துவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29, 30 பாகை செல்சியசுக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் மிகுதி, கீழே இறங்கினால் ஆண் குஞ்சுகள் மிகுதி. வெப்பம் மேலும் ஏறினால் முட்டைக்குள்ளேயே குஞ்சு மடிந்துவிடும். ஆகவே சித்திரை வெயிலில் முட்டையைக் காப்பது, குழிக்கு வேலி போட்டுவிட்டுப் போகிற அளவுக்கு எளிய வேலையில்லை.

பொரித்த குஞ்சு இருட்டில் மேலே வந்து, இருப்பதிலேயே வெளிச்சமான திசையைப் பார்த்து நகரும். இயற்கையான கரையில் அது கடலின் அடிவானம். வயிற்றில் மீந்திருக்கும் கருவுணவை வைத்துக்கொண்டு ஒரு நாள் போல நிற்காமல் நீந்தி, மீன்களும் பறவைகளும் காத்திருக்கும் கரையோர நீரைக் கடந்துவிடப் பார்க்கும்.

சென்னையின் இரவு நடை

சென்னைக் கரையில் ஆமைக்காக இரவில் நடக்கும் வழக்கம் 1970களிலேயே தொடங்கியது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணையைச் சுற்றித் திரண்ட இளைஞர்கள் அதைத் தொடங்கி வைத்தார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர் இந்தியக் கரைகளையும் தீவுகளையும் கால்நடையாகவே அளந்து ஆமைகளின் இடங்களைப் பதிவு செய்தார். 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினார்கள். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் கரையை ஆமைக்காலம் முழுக்க இவர்கள் இரவில் நடந்து பார்க்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களும் கட்டணமின்றிக் கூடவே நடக்கலாம்.

நடப்பவர்கள் டார்ச் அடிப்பதில்லை. நிலா வெளிச்சமும் நகர வெளிச்சமும் போதும். கடலிலிருந்து மேலேறி, வளைந்து, மறுபடி கடலுக்கு இறங்கும் அகலமான துடுப்புத் தடத்தைத்தான் கண் தேடும். தடம் அகப்பட்டால், மணல் கலைந்த இடத்தில் மெல்லிய கம்பை நிறுத்திச் செருகுவார்கள். சுற்றிலும் இறுகியிருக்கும் மணல் ஓரிடத்தில் மட்டும் இளகிக் கம்பை உள்ளே விடும். கம்பை அங்கேயே நிறுத்திவிட்டுக் கையால் தோண்டுவார்கள். ஈர மணலோடு சேர்த்து, பிங்பாங் பந்து மாதிரி உருண்டையான முட்டைகளை ஒவ்வொன்றாக, புரட்டாமல் எடுத்துத் துணிப்பையில் வைப்பார்கள். விடிவதற்குள் வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே வடிவில் குழி தோண்டி இட்டு, தேதியும் இடமும் எண்ணிக்கையும் எழுதிப் பலகை நடுவார்கள். வெயில் ஏறும் நாட்களில் மேலே நிழல்வலை கட்ட வேண்டியிருக்கும்.

குழியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் சிறந்தது என்று இவர்களுக்கும் தெரியும். ஆனால் சென்னைக் கரையில் நாய்கள் குழியைத் தோண்டித் தின்கின்றன. தப்பிய குஞ்சுகள் சாலை விளக்குகளைக் கடலென்று நினைத்து நகருக்குள் ஊர்ந்து செத்துப்போகின்றன. நகரம் வேறு வழி வைக்கவில்லை. அதனால் முட்டையை மாற்றுகிறார்கள். பொரித்த குஞ்சுகளைத் தொட்டியில் வைத்துக் காட்டும் பழக்கம் இங்கே இல்லை. மேலே வந்த குஞ்சுகளை மணலில் இறக்கிவிட்டு, அவை தாமாகவே கடலுக்கு ஊர்ந்துபோக விடுகிறார்கள். மாலை இருட்டும் நேரத்தில் விடும்போது கூட்டம் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்க்கும்.

தமிழக வனத்துறையும் மாநிலக் கரையோரம் பொரிப்பகங்கள் நடத்துகிறது. 2002இல் தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை, மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாகப் பயிற்றுவித்து வருகிறது.

கொஸ்கொடவின் தொட்டிகள்

காலி மாவட்டத்துக் கொஸ்கொடவும் அதன் அக்கம்பக்கக் கரையோர ஊர்களும் ஆமைப் பொரிப்பகங்களுக்குப் பெயர்போனவை. 1980களில் பெருகிய இவற்றில் பல தனியாருடையவை. அன்றைக்கு ஆமை முட்டை உண்பதற்காகச் சந்தையில் விலைபோனது. சேகரிப்பவர்களிடம் சந்தையைவிடக் கூடுதல் விலை கொடுத்து முட்டையை வாங்கி, மணலில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவது என்று வேலை தொடங்கியது. செலவுக்குச் சுற்றுலாப் பயணிகளின் நுழைவுக்கட்டணம். 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் இந்தக் கரையைச் சூறையாடியபோது பொரிப்பகங்களும் அழிந்தன. மீண்டும் கட்டி எழுப்பினார்கள். சந்தைக்குப் போயிருக்க வேண்டிய முட்டை பல குஞ்சுகளாகக் கடல் சேர்ந்தது இவர்களால்தான். அந்த நன்மையை மறுக்க முடியாது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் இரண்டு பெரிய குறைகள் இருக்கின்றன.

முதலாவது, பயணிகள் பகலில் வருகிறார்கள். தென்மேற்குக் கரையின் சுற்றுலாக் காலமும் ஆமைக்காலமும் பெரும்பாலும் ஒன்றே. வருகிறவர்களுக்குக் காட்டக் குஞ்சுகள் வேண்டும். அதற்காகப் பல பொரிப்பகங்களில் குஞ்சுகளைச் சீமெந்துத் தொட்டிகளில் நாட்கணக்கில் வைத்திருக்கிறார்கள். கடலைக் கடக்க வைத்திருந்த கருவுணவைக் குஞ்சு தொட்டிச் சுவரில் முட்டி முட்டியே கரைத்துவிடுகிறது. நெரிசலில் ஒன்றையொன்று கடிக்கின்றன, புண்ணும் நோயும் பரவுகின்றன. பயணிகளின் கைகள் அவற்றைத் தூக்குகின்றன. பட்டப்பகலில் விட்டால் காகமும் கடற்பறவையும் மீனும் கண்ணுக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொள்கின்றன.

இரண்டாவது, முட்டைக்கு விலை கொடுக்கும்வரை முட்டை எடுப்பது ஒரு தொழிலாகவே நீடிக்கும். இருந்த இடத்திலேயே பத்திரமாகப் பொரித்திருக்கக்கூடிய குழியும் தோண்டப்படுகிறது. எடுத்தவர் எத்தனை மணி நேரம் கழித்து, எப்படிக் கொண்டுவந்தார் என்பதை வாங்குபவர் உறுதிசெய்ய முடியாது. சட்டம் தடை செய்த கொடுக்கல்வாங்கல் எல்லோர் கண்ணெதிரேயும் நடக்கிறது.

காயம்பட்ட ஆமையைப் பராமரிப்பது வேறு. வலையில் சிக்கித் துடுப்பிழந்த ஆமையைத் தொட்டியில் வைத்துப் பேணுவதை யாரும் குறைசொல்ல மாட்டார்கள். நலமான குஞ்சைக் காட்சிக்காகத் தடுத்து வைப்பதைத்தான் ஏற்க முடியாது.

ரெக்கவை காட்டிய வழி

இதே தென்னிலங்கையில், தங்காலைக்கு அருகிலுள்ள ரெக்கவைக் கரை இன்னொரு பாதையைக் காட்டியது. கடலாமைப் பாதுகாப்புத் திட்டம் என்ற அமைப்பு 1990களில் அங்கே வேலை தொடங்கியபோது, முட்டை எடுத்துப் பிழைத்துவந்த ஊர்க்காரர்களையே கூலிக்கு அமர்த்தி முட்டைக்குக் காவல் வைத்தது. ஆமை எந்த இரவில், எந்த இடத்தில் ஏறும், தடம் பொய்த்தடமா மெய்த்தடமா என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவே காவலுக்குப் பயன்பட்டது. முட்டைகள் தாய் இட்ட குழியிலேயே கிடந்தன, குஞ்சுகள் தாம் பொரித்த இரவிலேயே கடலுக்குப் போயின. பயணிகள் இரவில் கட்டணம் செலுத்தி வந்து, ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை தள்ளிக் காத்திருந்து பார்த்தார்கள். 2006இல் ரெக்கவை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சுற்றுலா வருமானமும் ஆமையின் நலனும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை என்பதற்கு ரெக்கவையே சான்று. ஊர்க்காரருக்குக் கூலி கிடைத்தது, பயணிக்குக் காட்சி கிடைத்தது, முட்டை அசையவில்லை. சென்னை ரெக்கவையிடம் கற்க வேண்டிய பாடம் இது. இங்கே தன்னார்வலர்களின் உழைப்பு பெரிது. என்றாலும் கரையில் பரம்பரையாக வாழும் மீனவர்களுக்கு ஆமைக்காவல் ஆண்டுதோறும் நிலையான கூலி தரும் வேலையாக வேண்டும். கொஸ்கொட கற்க வேண்டியதோ சென்னையிடம் இருக்கிறது: இரவில் நட, பொரித்த குஞ்சை உடனே விடு, கையில் கொடுக்காதே.

கடலில் நடப்பது

கரைக்காவல் எவ்வளவு சிறந்தாலும் கடல் கைவிட்டால் பயனில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிட வந்த ஆமைகள் இழுவைமடியில் சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கியதே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. பருவமடையப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் உயிர் இது. செத்த ஒரு தாயின் இடத்தை ஒரு பொரிப்பகக் குழியின் குஞ்சுகளால் ஈடுகட்ட முடியாது. கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதற்குள் முட்டையிடும் காலம் பெரும்பாலும் முடிந்துவிடும். கரையை ஒட்டிய நீரில் இழுவைமடிக்கு உள்ள தடையை ஜனவரி முதல் கண்டிப்பாக அமல்படுத்துவதும், வலையிலிருந்து ஆமை வெளியேற வழிவிடும் கருவியைப் பொருத்துவதும்தான் தீர்வு. அந்தக் கருவி இல்லாததால் 2019இல் இந்தியாவின் கடல் இறாலை வாங்குவதை அமெரிக்கா நிறுத்தியது.

இலங்கை 2017இல் இழுவைமடி மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடை செய்தது. ஆனால் 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, இரசாயனமும் பிளாஸ்டிக் குறுமணியும் கடலில் கொட்டியபின் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துக் கரையொதுங்கின. ஒடிசாக் கரையில் அடையாளமிடப்பட்ட பங்குனி ஆமைகள் தமிழகக் கடலிலும் இலங்கைக் கடலிலும் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒரு நாட்டின் இழப்பு மற்ற நாட்டின் கரையிலும் தெரியும். இரு நாட்டு ஆமைக்காவலர்களும் தரவுகளைப் பகிர்ந்துகொண்டு ஒரே ஒழுங்கில் வேலை செய்வது இனியும் தள்ளிப்போடக்கூடியதில்லை.

வாசகர் செய்யக்கூடியவை சிலவும் உண்டு. கடலோரம் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் ஜனவரி முதல் மே வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள். கரையில் ஆமையைக் கண்டால் டார்ச் அடிக்காமல், படமெடுக்காமல் பின்னால் தள்ளி நில்லுங்கள். குழியை நீங்களே தோண்டாமல் தமிழகத்தில் வனத்துறைக்கோ, இலங்கையில் வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ சொல்லுங்கள். தென்னிலங்கைக்குச் சுற்றுலா போனால், குஞ்சுகளை எத்தனை நாள் தொட்டியில் வைக்கிறார்கள், எந்நேரம் விடுகிறார்கள் என்று வாசலிலேயே கேளுங்கள். குஞ்சை உங்கள் கையில் வைத்துப் படமெடுக்கத் தரும் இடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.